ஓவியம் வரையப் பழக்கப்பட்ட விலங்குகள் உண்மையிலேயே தங்களை வெளிப்படுத்துகின்றனவா?

தும்பிக்கையில் பிரஷைப் பிடித்துக்கொண்டு ஒரு யானை, பூவை ஏந்தி நிற்கும் இன்னொரு யானையை வரைகிற வீடியோவைப் பார்த்த பிறகுதான் பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த யானை தன்னை வெளிப்படுத்தவில்லை. ஆனால் இதே பதிலை எல்லா விலங்குக்கும் என்னால் சொல்ல முடியாது.

யானையைப் பார்ப்போம். தாய்லாந்தின் சுற்றுலா முகாம்களில் யானை வரையும்போது பாகன் அதன் காதோரமாகவே நிற்பார். பிரஷை வண்ணத்தில் தோய்த்துத் தும்பிக்கையில் வைப்பதும் அவர்தான். அவருடைய ஒரு கை யானையின் காதில் இருக்கும். காதை மேலும் கீழுமாக இழுத்தால் செங்குத்துக் கோடு, பக்கவாட்டில் இழுத்தால் கிடைக்கோடு. கூட்டத்தின் கண்ணெல்லாம் பிரஷ் நுனியில் இருப்பதால் அந்தக் கையை யாரும் கவனிப்பதில்லை. விலங்கியலாளரும் ஓவியருமான டெஸ்மண்ட் மோரிஸ் நேரில் போய்ப் பார்த்து இதை எழுதியிருக்கிறார். ஒவ்வொரு யானையும் நாள்தோறும் அதே படத்தைத்தான் போடுகிறது என்பதையும் அவர் கவனித்தார். அப்படியென்றால் கோடு எங்கே தொடங்க வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்ற முடிவெல்லாம் பாகனுடையது. எலும்பே இல்லாத தும்பிக்கையால் அவ்வளவு நுணுக்கமாகக் கோடு இழுப்பது யானையின் திறமை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, உண்மையிலேயே வியக்க வேண்டிய திறமை. ஆனால் திறமை வேறு, வெளிப்பாடு வேறு.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் வலியையும் சொல்லியாக வேண்டும். சுற்றுலாவில் இருக்கும் பல யானைகள், குட்டியாக இருக்கும்போதே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, கட்டிப்போடப்பட்டு, அடிக்குப் பயந்து பணியப் பழகியவை. பாகன்களை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 1989இல் தாய்லாந்து காட்டு மரம் வெட்டுவதைத் தடை செய்தபோது, மரம் இழுத்துப் பிழைத்த யானைகளும் பாகன்களும் ஒன்றாகவே வேலையை இழந்தார்கள். சுற்றுலா அவர்களுக்குக் கிடைத்த மாற்று வழி.

காதை இழுக்காமல், யானையை அதன் போக்கில் வண்ணம் தீட்ட விடும் விலங்குக்காட்சிச் சாலைகளும் உண்டு. அது யானையின் மனதுக்கு நல்லது என்று சொல்வார்கள். மெல்போர்ன் விலங்குக்காட்சிச் சாலையில் 4 யானைகளைக் கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், ஓவியம் வரைந்ததால் அவற்றின் மன அழுத்த நடத்தை குறைந்ததாகத் தெரியவில்லை.

சரி, காங்கோ என்ற சிம்பன்சிக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கேள்வியே முக்கியமாகப்படுவது அந்தச் சிம்பன்சியால்தான். 1954இல் பிறந்த காங்கோ, லண்டனில் மோரிஸின் கண்காணிப்பில் சுமார் 400 படங்கள் போட்டது. 1957இல் லண்டனிலேயே அவற்றைக் கண்காட்சியாகவும் வைத்தார்கள். என்ன வரைய வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. வரைந்தால் தின்பண்டம் என்ற ஏற்பாடும் இல்லை. விசிறி விரிந்த மாதிரியான கோடுகளைத் திரும்பத் திரும்பப் போடும், அதையே மாற்றி மாற்றியும் பார்க்கும். காகிதத்தின் ஒரு ஓரத்தில் ஏதாவது வடிவம் இருந்தால், அதற்கு எதிர் ஓரத்தில் கோடு போட்டுச் சமன் செய்யப் பார்க்கும். வரைந்து முடிக்கும் முன்னால் தாளை எடுத்தால் கோபப்படும். முடித்துவிட்டது என்றால், எவ்வளவு வற்புறுத்தினாலும் மேற்கொண்டு ஒரு கோடு போடாது. அந்த மறுப்புதான் எனக்குப் பெரிய ஆதாரம்.

மோரிஸ் சொல்லும் இன்னொரு சோதனை இதைவிட அழுத்தமானது. வரைந்தால் தின்பண்டம் என்று ஒரு மனிதக்குரங்குக்குப் பழக்கினார்கள். கொஞ்ச நாளில் அது படத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. ஏதோ நாலு கிறுக்கல், உடனே கையை நீட்டும். அதுவரை அதனிடம் இருந்த ஈடுபாட்டைப் பரிசு அழித்துவிட்டது. விலங்கை ஓவியம் வரையப் பழக்குகிறோம் என்று சொல்லும் பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

காங்கோவை மிகைப்படுத்தவும் கூடாது. ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில், கண் இல்லாத முக ஓவியங்களைச் சிம்பன்சிகளிடமும் மனிதக் குழந்தைகளிடமும் கொடுத்தார்கள். இரண்டரை வயதைத் தாண்டிய குழந்தைகள் விடுபட்ட கண்ணைப் போட்டார்கள். சிம்பன்சிகள் ஏற்கெனவே இருந்த கோடுகளின் மேல்தான் வரைந்தன, இல்லாததைச் சேர்க்கவில்லை. ஆகவே காங்கோ தன் சோகத்தையோ காட்டின் நினைவையோ வரைந்தது என்று கதை கட்டக் கூடாது. அது காட்டியது வேறு: கோடு போடுவதில் உள்ள இன்பம், எது எங்கே இருக்க வேண்டும் என்ற உணர்வு, 'இது போதும்' என்ற முடிவு. சுவரில் கிறுக்கும் சின்னக் குழந்தையிடமும் இவைதானே இருக்கின்றன? பிறருக்குச் செய்தி சொன்னால்தான் வெளிப்பாடு என்பதை நான் ஏற்கவில்லை.

பார்ப்பவர்களின் பாராட்டையும் ஏலத்தில் கிடைத்த விலையையும் ஆதாரமாகக் காட்டுபவர்கள் உண்டு. 1964இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில், பியர் பிராஸோ என்ற கற்பனை ஓவியரின் பெயரில் ஒரு சிம்பன்சியின் படங்களை வைத்தபோது, அது தெரியாமல் விமர்சகர்கள் பலர் புகழ்ந்தார்கள். அதிலிருந்து விமர்சகர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம், அந்தச் சிம்பன்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அடுத்த முறை இப்படி ஒரு வீடியோவைப் பார்த்தால் படத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பாருங்கள். விலங்கு நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறதா, வேண்டாம் என்றால் எழுந்து போக முடிகிறதா என்றும் பாருங்கள். யானை முகாமுக்கே போவதாக இருந்தால், அது நடப்பதையும் மேய்வதையும் தள்ளி நின்று பார்க்க மட்டும் கட்டணம் வாங்கும் இடங்கள் தாய்லாந்திலேயே இருக்கின்றன. அங்கே போங்கள். காதை விரிப்பது, தாழ்ந்த குரலில் உறுமுவது, துணை யானையின் வாயருகே தும்பிக்கையைக் கொண்டுபோவது என்று யானை தன்னை வெளிப்படுத்தும் விதங்களை அங்கே பார்க்கலாம், யாரும் பழக்கித் தராதவை அவை.