குடுரிட்சாவின் வீடுகள் யாருடையவை? (கடிதம்)

வணக்கம் ஐயா,

செர்பியாவில் குடுரிட்சா என்ற திராட்சைக் கிராமத்தைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அந்தச் சின்ன ஊரில் செர்பியர், ஸ்லோவேனியர், மாசிடோனியர், ஹங்கேரியர் என்று இருபது இனத்தவர் சேர்ந்து ஒயின் செய்கிறார்களாம். நம்மால் ஏன் இப்படி வாழ முடியவில்லை? குடி அவர்களைக் கெடுக்கவில்லையா? அங்கே போக நல்ல மாதம் எது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் புதுக் குடும்பம் ஒன்று குடிவருவதைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதம் சுரீரென்று பட்டது. நல்ல மனசோடு கேட்டிருக்கிறீர்கள். ஆனாலும் திட்டத்தான் வேண்டும். இருபது இனங்களை எண்ணிய நீங்கள், அங்கே முன்பு பெரும்பான்மையாக இருந்தவர்கள் எங்கே என்று ஏன் கேட்கவில்லை?

1718-ல், குடுரிட்சா இருக்கும் பானாட் பகுதி துருக்கியரிடமிருந்து ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசின் கைக்கு வந்தது. அப்புறம் குடியேற்றப்பட்ட ஜெர்மானியர்கள் வர்ஷாட்ஸ் மலையடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் திராட்சை வளர்த்தார்கள். அவர்களுக்கு இந்த ஊர் குட்ரிட்ஸ். 1944 நவம்பர் 21 அன்று, செர்பியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவின் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் அரசு ஜெர்மானியரின் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. தப்பி ஓடியவர்கள் போக, பானாட்டில் மிஞ்சியவர்களை முகாம்களில் அடைத்தார்கள். க்னிச்சானின் என்ற ஊரில் இருந்த முகாமில் மட்டும் பசியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1945-ல் வந்த குடியேற்றச் சட்டம்தான் காலி வீடுகளில் ஸ்லோவேனியரையும் மாசிடோனியரையும் குடிவைத்தது. நீங்கள் மெச்சும் கலப்பின் பெரும்பகுதி இப்படி வந்தது.

உடனே ஜெர்மானியருக்காக அழ ஆரம்பித்துவிடாதீர்கள். 1941-ல் நாஜி ஆக்கிரமிப்பில் பானாட்டின் யூதர்களை வெளியேற்றியபோது உள்ளூர் நிர்வாகம் இந்த ஜெர்மானியர் கையில்தான் இருந்தது. ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் 'பிரின்ஸ் ஆய்கன்' பிரிவுக்கு ஆள் கொடுத்ததும் இவர்கள்தான். சரி, முகாமில் பட்டினி கிடந்து செத்த கிழவியும் கைக்குழந்தையும் எந்தப் படையில் இருந்தார்கள்? இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும் ஐயா. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

குடியேறி வந்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பெரும்பாலும் ஏழைகள். கொடி நட்டால் காய்ப்புக்கு வர மூன்று வருஷமாவது ஆகும். இவர்களுக்கோ யாரோ நட்டது காய்த்து நின்றது, கவாத்து செய்யப் பழகிக்கொண்டால் போதும். 1991-ல் யூகோஸ்லாவியா உடையத் தொடங்கியது. தாத்தா பிறந்த மண் வேறு நாடாகிப் போனது. அதற்குப் பிறகும் பேரப்பிள்ளைகள் அதே மலையில் பக்கத்துப் பக்கத்தில் திராட்சை பறிக்கிறார்களே, மெச்சுவதானால் அதை மெச்சுங்கள்.

குடி விஷயம் இப்போது வேண்டாம். அதற்குத் தனியாகச் சண்டை போடலாம்.

செப்டம்பரில் போங்கள், அறுவடை நடக்கும். கிரெயாட்சா என்று கேட்டால் அந்த வட்டாரத்துப் பழைய வெள்ளை ஒயினைத் தருவார்கள். குடித்த கையோடு 'ஒற்றுமை' என்று முகநூலில் எழுதிவிடாதீர்கள். வீட்டுக்காரரிடம், இது யார் கட்டிய வீடு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.