மொட்டையடித்த இடத்தில் மறுபடி உண்ணிச்செடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நகரத்துக்குள் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு காட்டுத்துண்டில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஞாயிறுதோறும் வேலை செய்கிறோம். உண்ணிச்செடி (லாண்டானா என்ற வெளிநாட்டுக் களைப்புதர்) மண்டிய பகுதியை இரண்டே மாதத்தில் மொட்டையடித்துவிட்டோம். மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், முன்பைவிட நெருக்கமாக முளைத்திருக்கிறது. பாதிப்பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். எங்கே தப்பு?

பதில்: ‘மொட்டையடித்துவிட்டோம்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தப்பு அங்கேதான். நானும் முதல் வருடம் இதையேதான் செய்தேன். வெட்டவெளியாகிவிட்ட இடத்தின் நடுவே இடுப்பில் கைவைத்து நின்று போட்டோ வேறு எடுத்துக்கொண்டேன்!

உண்ணிக்குப் பிடித்தவை வெயிலும் கிளறிய மண்ணும். புதரை ஒரே வீச்சில் எடுக்கும்போது இரண்டையும் நாமே பரிமாறுகிறோம். மண்ணில் விதை ஏற்கெனவே கிடக்கிறது. வெட்டிய அடிக்கட்டை துளிர்க்கும். தரையில் படிந்த கிளை கணுவில் வேர் பிடிக்கும். நாட்டுச் செடிகளோ நிதானமாக வருபவை, அவற்றால் இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

1960-களில் சிட்னியில் ஜோன் பிராட்லி, எய்லீன் பிராட்லி என்ற இரு சகோதரிகள், தங்கள் வீட்டருகே இருந்த காட்டில் கையாலேயே களை எடுத்தார்கள். அவர்கள் கண்ட முறை மூன்றே விஷயம்தான். காடு நன்றாக இருக்கும் பக்கத்திலிருந்து கெட்ட பக்கம் நோக்கிப் போக வேண்டும். மண்ணை முடிந்த மட்டும் கலைக்கக் கூடாது, விலக்கிய சருகைத் திரும்ப மூடிவிட வேண்டும். எடுத்த இடத்தை நாட்டுச் செடிகள் நிரப்பிய பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் புதிதாக வருபவர்கள் எல்லோரும் மோசமான இடத்தில்தான் முதலில் கைவைக்கத் துடிப்பார்கள். அங்கேதானே வேலை செய்தது கண்ணுக்குத் தெரியும்! நல்ல பக்கத்தில் நாள் முழுக்கக் குனிந்தாலும் ஒரு கூடைதான் தேறும்.

பெரிய புதரை அரிவாளால் மேலாக வெட்டாதீர்கள். டெல்லியில் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு காட்டிய வழி இருக்கிறது: மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தூக்கி, வேர் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போடுவது. துளிர்க்கும் பகுதி போய்விடுவதால் அது மறுபடி எழாது. சின்னக் கன்று என்றால் ஈர மண்ணில் கையோடு வந்துவிடும். பிடுங்கும் முன் தண்டைத் தடவிப் பாருங்கள், நாலு பட்டையாக இருக்கும். இலையைக் கசக்கினால் நெடி தூக்கும். இந்தச் சோதனையைச் செய்யாமல், சொரசொரப்பான இலையை மட்டும் நம்பி நான் பிடுங்கி எறிந்த நாட்டுக் கன்றுகளுக்குக் கணக்கில்லை.

பழம் தின்னும் பறவைகள் விதையைக் கொண்டுவந்துகொண்டேதான் இருக்கும். அவை உட்காரும் மரங்களின் அடியை மாதம் ஒருமுறை பார்த்தால் பாதி வேலை மிச்சம்.

விட்டுப்போனவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு பிரித்துக் கொடுங்கள், நாலு பாய் விரிக்கும் அளவு போதும். ‘என் இடத்தில் என்ன முளைத்திருக்கிறது’ என்று பார்க்கவாவது வருவார்கள்.

கேள்வி: இவ்வளவு காத்திருப்பதற்கு மியாவாக்கி முறையில் மரக்கன்றுகளை நெருக்கமாக நட்டுவிடலாமே?

பதில்: ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை, காடு முற்றிலும் அழிந்து மண்ணும் செத்துப்போன இடத்துக்கு நல்லது. அதற்கு முதலில் நிலத்தைக் கொத்திப் பண்படுத்த வேண்டும். உங்கள் இடத்தில் பழைய மரம் நிற்கிறது, மண்ணில் அதன் விதை இருக்கிறது. அங்கே போய்க் கொத்தினால் இருப்பதும் போகும். இரண்டு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் ஒன்றும் முளைக்காத திட்டில் மட்டும், அதே காட்டில் பொறுக்கிய விதையில் வளர்த்த கன்றை நடுங்கள்.

கேள்வி: சருகையும் விழுந்த கட்டைகளையும் அப்புறப்படுத்தலாமா? பாம்பு வரும் என்கிறார்கள்.

பதில்: நடைபாதையில் கிடப்பதை மட்டும் ஓரம் தள்ளுங்கள். மற்றது அங்கேயே மக்கட்டும். பாம்புக்குப் பயந்தால் கனத்த காலணி போடுங்கள், புதருக்குள் கையை விடும் முன் குச்சியால் தட்டுங்கள். அப்படித் தட்டும்போது உள்ளே கூடு தென்பட்டால், குஞ்சு பறக்கும்வரை அந்த உண்ணிப்புதர் அங்கேயே இருக்கட்டும்.