வணக்கத்துக்குரிய சகோதரர்

ஐயா, வணக்கம். என் தாத்தா மறைந்தபோது ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் லாட்ஜிலிருந்து (கிளையிலிருந்து) வந்த இரங்கல் கடிதமும், அவருடைய படம் ஒன்றும் பழைய பெட்டியில் கிடைத்தன. கடிதம் அவரை 'வொர்ஷிப்ஃபுல் பிரதர்' என்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவர், மனிதரை வழிபடும் சங்கத்திலா இருந்தார் என்று வீட்டில் ஒரே பேச்சு. படத்தை இணைத்துள்ளேன்.
— வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டார் கலங்க வேண்டியதில்லை. 'வொர்ஷிப்' என்ற ஆங்கிலச் சொல் முதலில் தகுதியையும் மதிப்பையும் குறித்தது. இறைவழிபாடே அதன் முதற்பொருளாக நிலைத்தது பிற்பாடுதான். 14ஆம் நூற்றாண்டில் விக்ளிஃப் பெயரால் வழங்கிய ஆங்கில விவிலியம், தாய் தந்தையரை மதிக்கச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல்லையே ஆள்கிறது. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் செபநூலில், மணமகன் மணமகளுக்குக் கூறும் உறுதிமொழியிலும் அது வருகிறது. மேயர்களையும் நீதிபதிகளையும் லண்டனின் பழைய தொழிற்குழுக்களையும் இவ்வடைமொழியோடு குறிப்பது இங்கிலாந்தின் ஊர்வழக்கு. ஃப்ரீமேசன்கள் அதைப் புதிதாகப் புனையவில்லை. சென்னை மேயரை முன்பு 'வணக்கத்துக்குரிய மேயர்' என்று விளித்ததும் இம்மரபில் வந்ததே. அவருக்கு யாரும் சூடம் காட்டியதில்லை.

இந்தப் பட்டம் எல்லா உறுப்பினருக்கும் உரியதன்று என்பதுதான் உங்கள் குடும்பம் கவனிக்க வேண்டியது. ஆங்கில மரபு லாட்ஜில் சாதாரண உறுப்பினர் வெறும் 'பிரதர்'. மூன்றாம் படிநிலையை எய்தியவர் 'மாஸ்டர் மேசன்' ஆகிறாரே தவிர, லாட்ஜின் தலைவர் ஆகிவிடுவதில்லை. தலைமை இருக்கையில், பெரும்பாலும் ஓராண்டுக்கு, அமர்பவரே 'வொர்ஷிப்ஃபுல் மாஸ்டர்'. பதவி முடிந்த பின்னரும் அவர் 'வொர்ஷிப்ஃபுல் பிரதர்' என்றே அழைக்கப்படுவார்.

உங்கள் தாத்தா அவ்வாறு அமர்ந்தவர் என்பதற்கு நீங்கள் அனுப்பிய படமே சான்று. கழுத்துப்பட்டையின் நுனியில் தொங்குவது கொத்தனாரின் மூலைமட்டம். அதன் கீழே ஒரு சிறு தகடு. அதில் ஒரு செங்கோண முக்கோணமும், அதன் மூன்று பக்கங்களிலும் மூன்று சதுரங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. நாம் பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றம்தான் அது. பதவியிலிருக்கும் தலைவர் மூலைமட்டத்தை மட்டும் அணிவார். தகடு சேர்ந்தால் அவர் முன்னாள் தலைவர்.

சமயத்தைப் பொறுத்தவரை, இறைநம்பிக்கை வேண்டும் என்பதே இச்சங்கத்தின் நிபந்தனை. எந்த இறைவன் என்று கேட்பதில்லை. உறுதிமொழியையும் அவரவர் மறைநூலின்மீது எடுக்கலாம்.

பினாங்கில் முதல் லாட்ஜ் 1809இலேயே தொடங்கப்பட்டது. இரங்கல் கடிதத்தின் தலைப்பில் லாட்ஜின் பெயரை அடுத்து ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதைக்கொண்டு லாட்ஜை அடையாளம் கண்டு, அவர் எந்த ஆண்டில் தலைவராக இருந்தார் என்பதை அந்த லாட்ஜின் செயலாளரிடமே எழுதிக் கேட்கலாம்.