ரூம்மேட்டுக்கு நடந்த கொடுமை: போலீஸா, காலேஜா, எங்கே முதலில் போவது?

கேள்வி: அக்கா, நான் டெல்லியில் எம்.ஏ. படிக்கிறேன். என் ரூம்மேட் மதுரைப் பக்கம். 12 நாளைக்கு முன்னால் முனிர்க்காவில் ஒரு சீனியர் ரூமில் பிறந்தநாள் பார்ட்டி. எல்லோரும் கிளம்பிய பிறகு அவன் அவளை பலாத்காரம் செய்திருக்கிறான். என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். இந்தி சரியாக வராது. வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்தி ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று பயப்படுகிறாள். டிபார்ட்மெண்டில் பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன், எச்ஓடி (துறைத் தலைவர்) முன்னால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: எச்ஓடி முன்னால் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை இது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிமுறைகளின்படி இந்தப் புகாரை விசாரிக்க வேண்டியது காலேஜின் உள் புகார் குழு, அதாவது ஐசிசி. அந்தக் குழுவில் துறைத் தலைவர், டீன், ரெஜிஸ்ட்ரார் போன்றவர்கள் உறுப்பினராகக்கூட இருக்க முடியாது. நிர்வாகத்தின் கை அதில் நுழையக் கூடாது என்றுதான் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் யாராவது "வாம்மா, உட்கார்ந்து பேசலாம்" என்று கூப்பிட்டால் உங்கள் ரூம்மேட் போகத் தேவையில்லை.

அவளுக்கு 18 முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எம்.ஏ. என்றால் முடிந்திருக்கும், ஆனால் இதைப் படிக்கும் பி.ஏ. முதலாண்டுப் பிள்ளைகளில் 17 வயதுக்காரர்கள் உண்டு. 18க்குக் கீழே என்றால் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து பாதுகாக்கும் சட்டம் வந்துவிடும், விஷயம் தெரிந்த யாரும் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும், தோழியும் சேர்த்துத்தான். 18 முடிந்தவர் என்றால் சொல்வதா வேண்டாமா, யாரிடம், எப்போது என்பதெல்லாம் அவர் முடிவு. உங்கள் முடிவோ என் முடிவோ இல்லை.

இப்போது ஆஸ்பத்திரி. போலீஸ் பற்றி முடிவெடுக்காமலேயே அங்கே போகலாம், இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, பாதிக்கப்பட்டவருக்கு உடனடியாக இலவச சிகிச்சை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, மறுத்தால் அவர்கள் மேல் வழக்குப் போடலாம். "எஃப்ஐஆர் இருக்கா?" என்று கவுண்டரில் கேட்பார்கள், கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்பார்கள். ஆஸ்பத்திரி தன் பங்குக்குப் போலீஸுக்குத் தகவல் சொல்லும், எம்எல்சி (மருத்துவ-சட்ட வழக்கு) என்பார்கள். அப்போதும், தான் இப்போது புகார் கொடுக்க விரும்பவில்லை என்று அவள் சொல்லலாம், அதை எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும் என்பதுதான் சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல். பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவள் சம்மதம் வேண்டும். உடலுறவுப் பழக்கம் உண்டா என்று பார்க்கச் செய்யும் இரண்டு விரல் பரிசோதனை கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இலும் 2022இலும் சொல்லியாயிற்று.

12 நாள் ஆகிவிட்டதால் சில விஷயங்கள் கைவிட்டுப் போய்விட்டன. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசர கருத்தடை மாத்திரைக்கு 5 நாள்தான், உடலில் இருந்து மாதிரி எடுப்பதும் ஏறக்குறைய 4 நாளுக்குள். இன்றைக்கோ நேற்றோ நடந்தது என்று இதைப் படிப்பவர்கள், தயவுசெய்து குளிக்காமல், அந்த உடையைத் துவைக்காமல், பிளாஸ்டிக் கவரில் இல்லாமல் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். குளித்துவிட்டீர்கள் என்றாலும் போங்கள். உங்கள் ரூம்மேட்டும் போகத்தான் வேண்டும்: காயம் இருந்தால் பதிவாகும், தொற்றுக்கும் கர்ப்பத்துக்கும் சோதனை செய்வார்கள். கர்ப்பம் என்று தெரியவந்தால் 24 வாரம் வரை கலைக்க சட்டம் அனுமதிக்கிறது. 18 முடிந்தவருக்கு அப்பா அம்மா கையெழுத்து தேவையில்லை.

சரி, போலீஸா ஐசிசியா? இரண்டும் ஒரே நேரத்தில் செய்யலாம், ஒன்றை மட்டும் செய்யலாம். ஒன்றைத் தேர்ந்தால் மற்றது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போலீஸ் அவனைக் கைது செய்யலாம், ஆனால் அடுத்த வாரம் அவன் அதே லைப்ரரியில் எதிர் மேஜையில் உட்காராமல் பார்த்துக்கொள்வது ஐசிசி கையில்தான் இருக்கிறது. விசாரணை முடிவதற்கு முன்பே அவனை வளாகத்துக்குள் வரவிடாமல் தடுக்கவோ, அவளுக்கு 3 மாதம் வரை விடுப்பு தரவோ பரிந்துரைக்க முடியும். ஆனால் அதை எழுத்தில் கேட்க வேண்டும், தானாகத் தர மாட்டார்கள். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது கெடு. ஐசிசி புகாருக்கு சம்பவம் நடந்த நாளில் இருந்து 3 மாதம்தான். காரணம் சொன்னால் இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம், நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்கார வேண்டாம். பலாத்கார வழக்குக்கு இப்படி எந்தக் கெடுவும் இல்லை. தாமதமாகச் சொன்னதாலேயே பொய்யாகிவிடாது என்று 1996இல் குர்மீத் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, இரண்டில் அவசரம் ஐசிசிக்குத்தான்.

நடந்தது வெளியே, தனியார் ரூமில், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று ஐசிசி கைகழுவப் பார்க்கலாம். அதனால் புகாரிலேயே, இருவரும் இங்கே மாணவர்கள், சீனியர் என்ற முறையில்தான் பழக்கம், அவன் இருப்பதால் வகுப்புக்குப் போக முடியவில்லை என்பதை எழுதிவிட வேண்டும். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள்.

போலீஸ் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலாக வந்த புதிய குற்றவியல் சட்டம்) 64ஆம் பிரிவு, குறைந்தது 10 ஆண்டு சிறை. இந்தியாவின் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், ஜீரோ எஃப்ஐஆர் என்று பதிந்து சம்பந்தப்பட்ட நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரிய வசதி. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மதுரையில் ஒரு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் தமிழிலேயே சொல்லிப் பதியலாம், டெல்லிக்கு வந்துவிடும். ஆனால் விசாரணை அதிகாரி இங்கேதான் இருப்பார் என்பதால், முடிந்தால் டெல்லியிலேயே கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

இந்தி பற்றி: புகாரை ஆங்கிலத்தில் அவளே எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும். வாய்மொழியாகச் சொன்னால் பெண் அதிகாரி எழுத வேண்டும், எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். புரியாத ஒரு வரி இருந்தாலும் கையெழுத்துப் போடக் கூடாது. எஃப்ஐஆர் நகல் இலவசம். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் இருக்கும், அங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆர்.கே. புரத்தில் தெரிந்த தமிழ் அங்கிளைத் துணைக்குக் கூப்பிடும் யோசனை வேண்டாம், எஃப்ஐஆர் பதிவாவதற்குள் செய்தி மதுரை போய்ச் சேர்ந்துவிடும். 15100க்குப் போன் செய்தால் சட்ட உதவி கிடைக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, தூக்கம் வராமல் தவித்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416.

வீட்டைப் பற்றி. 18 முடிந்தவர் என்றால் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்று போலீஸுக்கோ காலேஜுக்கோ எந்தச் சட்டமும் இல்லை. இருந்தாலும் வார்டன்கள் போனைத் தூக்கிவிடுவார்கள், அதனால் "என் வீட்டாருக்குத் தெரிவிக்கக் கூடாது" என்ற வரி எல்லாப் புகாரிலும் இருக்கட்டும். கடிதம், சம்மன் எல்லாம் கொடுத்த முகவரிக்கு வரும், எனவே ஊர் முகவரியைக் கொடுக்காமல் இங்கே இருக்கும் முகவரியைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவள் பெயரை வெளியிடுவது 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம், விசாரணையும் மூடிய நீதிமன்றத்தில்தான். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: வழக்கு வருடக்கணக்கில் இழுக்கலாம், எஃப்ஐஆர் போட்ட பிறகு வேண்டாம் என்று அவளாக வாபஸ் வாங்கவும் முடியாது. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

கடைசியாக நீங்கள். அவள் முதலில் சொன்னது உங்களிடம், நாளைக்கு நீங்கள் சாட்சி. அவள் என்றைக்கு, எந்த வார்த்தைகளில் சொன்னாள், அப்போது எப்படி இருந்தாள் என்பதைத் தேதி போட்டு இன்றே எழுதி வையுங்கள். அவளுடைய வாட்ஸ்அப்பில் மெசேஜ் தானாக அழியும் வசதி இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், அவன் அனுப்பிய "ஸாரி" ஒன்றுகூட ஆதாரமாகலாம், அந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். அன்றைக்குப் போன ஆட்டோ, கேப் ரசீதையும் எடுத்து வையுங்கள். அவனுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள், கிளாஸ் குரூப்பில் ஒரு வரிகூடப் போடாதீர்கள்.