துவக்குக்கு முன்னால் கடதாசி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காலபோக நெல் குடலைப் பருவத்துக்கு வந்ததும் வன்னியில் பன்றிக்காவல் தொடங்கிவிடும். துவக்கு வாங்குவது பற்றிய கேள்விகளும் அந்த நேரத்தில்தான் கூடுதலாக வரும். இந்த முறை வந்தவற்றில் ஆறு கேள்விகளை எடுத்திருக்கிறேன். ஒன்று கனடாவிலிருக்கும் மகனுக்காக ஒரு தாய் கேட்டது.

கேள்வி (ஒட்டுசுட்டான்): எனக்கு நான்கு ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் இருக்கின்றன. பன்றி ஒரு இரவில் பாதி வரம்பை உழுதுவிட்டுப் போகிறது. தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய 12 போர் (bore) ரகத் துவக்கை விற்கப் போகிறாராம். அட்வான்ஸ் கொடுத்து எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அனுமதிப்பத்திரத்தை என் பெயருக்கு மாற்றலாமா?

அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளைப் பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் வாங்கி வருடக்கணக்காக ஓடுவது போல இதைச் செய்ய முடியாது. துவக்கு அனுமதிப்பத்திரம் ஆளுக்குக் கொடுக்கப்படுவது. துவக்கோடு சேர்ந்து அது கைமாறாது. உங்கள் பெயரில் அனுமதி இல்லாமல் அந்தத் துவக்கு உங்கள் வீட்டுக்கு வந்த நிமிடத்திலிருந்து நீங்கள் குற்றவாளி, கொடுத்தவரும் குற்றவாளி. இலங்கையில் இதை ஆளுவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். நூறு வருடத்துக்கு மேல் பழையது, ஆனால் திருத்தங்களோடு இன்றும் முழு உயிரோடு இருக்கிறது.

சரி, முறையாக எப்படிப் போவது? பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்குக்கு விண்ணப்பம் போக வேண்டிய இடம் உங்கள் மாவட்டச் செயலகம், அதாவது கச்சேரி. முதலில் அங்கே போய் விண்ணப்பப் படிவத்தோடு, இணைக்க வேண்டிய தாள்களின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்வதை நம்பி அலைய வேண்டாம். பொதுவாகக் கேட்கப்படுபவை அடையாள அட்டைப் பிரதி, காணிக்கான ஆதாரம், கிராம அலுவலரின் அறிக்கை, பிரதேச செயலாளரின் பரிந்துரை, பொலிஸ் அறிக்கை, உடல்நலம் பற்றிய மருத்துவச் சான்றிதழ். விலங்குகளால் பயிர் அழிவது உண்மை என்று கமநல சேவை நிலையத்திலிருந்து ஒரு கடிதம் இருந்தால் உங்கள் பக்கம் பலமாகும்.

இதில் வன்னிக்காரர் சறுக்குவது காணி ஆதாரத்தில்தான். உறுதிக்காணி வைத்திருப்பவர் இங்கே குறைவு, பெரும்பாலும் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. அந்தப் பெர்மிட்டும் பலருக்கு 2009 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. இன்னும் பலருக்குக் காணி இறந்துபோன தகப்பன் பெயரிலேயே கிடக்கிறது. துவக்கு விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பதிவேடு இருக்கிறது. அதில் உங்கள் காணி எந்தப் பெயரில் நிற்கிறது என்று பாருங்கள். தகப்பன் பெயரில் என்றால் பின்னுரித்து, அதாவது வாரிசின் பெயருக்கு மாற்றும் வேலையை முதலில் தொடங்குங்கள். வயலைப் பொறுத்தவரை கமநல சேவை நிலையத்தின் நெற்காணிப் பதிவேட்டிலும் உங்கள் பெயரும் ஏக்கர் அளவும் இருக்க வேண்டும். உர மானியத்துக்குப் பதிந்திருந்தால் அங்கே உங்களைத் தெரியும். வனத் திணைக்களம் எல்லைக்கல் போட்ட காணியில் நீங்கள் எத்தனை வருடம் விதைத்திருந்தாலும், அதைக் காட்டி எந்தக் கிராம அலுவலரும் எழுதித் தரமாட்டார். இது அநியாயம் என்று பலர் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் துவக்கு விண்ணப்பம் அந்த வழக்கைத் தீர்க்கும் இடம் அல்ல.

அடுத்தது பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பெர்மிட்டில் இன்னொரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் வேறு முதலெழுத்து என்று இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, விண்ணப்பத்தோடேயே இணைத்துவிடுங்கள். பிறகு கேட்கும்போது கொடுக்கலாம் என்று விட்டால் கோப்பு மாதக்கணக்கில் ஒரு மேசையில் தூங்கும்.

எல்லாத் தாளும் சரியாக இருந்தாலும் அனுமதி கிடைத்தே ஆக வேண்டும் என்ற உரிமை யாருக்கும் இல்லை. பொலிஸ் அறிக்கைக்கும் பாதுகாப்புத் தரப்பின் கருத்துக்கும் நம் பகுதியில் கனம் அதிகம். அதனால்தான் அட்வான்ஸ் வேண்டாம் என்கிறேன். அனுமதி கிடைத்த பிறகும், அனுமதிப்பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும் தொடர் இலக்கமும் துவக்கில் பொறித்திருக்கும் இலக்கமும் ஒன்றுதானா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம் இதையும் நினைவில் வையுங்கள். அந்தப் பத்திரம் எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31 உடன் முடிகிறது. அடுத்த வருடத்துக்கான புதுப்பித்தல் ஒக்ரோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை நடக்கும். காலபோக விதைப்பு வேலையில் மூழ்கி அந்த மூன்று மாதத்தையும் விட்டவர், ஜனவரி முதலாம் திகதி அனுமதியில்லாத் துவக்கு வைத்திருப்பவராகிவிடுவார். ஒக்ரோபரிலேயே முடித்துவிடுங்கள். தோட்டாவும் அப்படித்தான். செல்லுபடியான பத்திரத்தைக் காட்டாமல் வாங்க முடியாது, தெரிந்தவரிடம் கைமாற்றாக எடுப்பதும் குற்றம்.

இந்த அனுமதி வேட்டைக்கானதும் அல்ல. மான், மரையைச் சுட்டால் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாயும். யானையைச் சுட்டால் சொல்லவே வேண்டாம். யானை வந்தால் வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கும், சத்தத்தால் விரட்டும் யானை வெடிதான் வழி.

கேள்வி (நெடுங்கேணி): என் அப்பாவுக்கு எழுபதுகளில் துவக்கு லைசன்ஸ் இருந்தது. துவக்கு யுத்த காலத்தில் போய்விட்டது. லைசன்ஸ் பத்திரம் மட்டும் ட்ரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதைக் காட்டி நான் புதிதாகத் துவக்கு எடுக்கலாமா?

அந்தப் பத்திரத்துக்கு இன்று சட்டப்படி பெறுமதி இல்லை. அது அப்பாவுக்குக் கொடுக்கப்பட்டது, அந்த வருட முடிவோடு முடிந்துவிட்டது. உங்களுக்கு வேண்டுமென்றால் மேலே சொன்ன வழியில் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் எறிந்துவிடாதீர்கள். உங்கள் குடும்பம் அந்தக் காணியில் அவ்வளவு காலமாகப் பயிர் செய்தது என்பதற்கு அது ஒரு சாட்சி. பிரதியெடுத்துக் காணிக் கோப்பில் வையுங்கள்.

துவக்கும் கையில் இருந்து, உரிமையாளர் இறந்துபோயிருந்தால் விஷயம் வேறு. பிள்ளைகள் அதைப் பரணில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்து, துவக்கின் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிறகு பிள்ளைகளில் ஒருவர் தன் பெயரில் அனுமதி கேட்கலாம்.

கேள்வி (கிளிநொச்சி): நான் கடை நடத்துகிறேன். இரவில் பணத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒருவர் கொழும்பில் ஆளிருக்கிறது, பிஸ்டலும் லைசன்ஸும் சேர்த்து எடுத்துத் தரலாம் என்று பெரிய தொகை கேட்கிறார். நம்பலாமா?

நம்ப வேண்டாம். பிஸ்டல், ரிவோல்வர் போன்ற கைத்துப்பாக்கிகளை மாவட்டச் செயலகம் கொடுப்பதில்லை. அது பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிறது. உயிருக்கு அச்சுறுத்தல் உண்டு என்று பாதுகாப்புத் தரப்பு மதிப்பிட்டால்தான் தனிப்பட்ட பாதுகாப்புக்காகக் கொடுப்பார்கள். பணம் கொண்டுபோகிறேன் என்பது மட்டும் போதாது.

இருக்கிறவர்களிடமே இறுக்கிப் பிடிக்கும் காலம் இது. 2024 நவம்பரில், தனிப்பட்ட பாதுகாப்புக்காகக் கொடுத்திருந்த துப்பாக்கிகளையெல்லாம் மீளாய்வுக்காக வெலிசறை கடற்படை முகாமில் ஒப்படைக்கச் சொல்லி அமைச்சு அறிவித்தது. அந்த நிலையில் ஒரு தரகர் துப்பாக்கியையும் பத்திரத்தையும் ஒரே பொட்டலமாகத் தருகிறார் என்றால், ஒன்று உங்கள் பணம் போகும், இல்லையென்றால் உங்கள் கையில் ஒரு திருட்டுத் துப்பாக்கி இருக்கும். இரண்டாவது முதலாவதைவிட மோசம். அந்தப் பணத்தில் கடைக்குக் கமரா பூட்டுங்கள், வசூலைப் பகலிலேயே வங்கியில் போடுங்கள்.

கேள்வி (விசுவமடு): என் மகன் ஸ்காபரோவில் இருக்கிறான். அங்கே சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து, ஒரு நண்பரின் கைத்துப்பாக்கியை வாங்கப் போவதாகச் சொல்கிறான். கனடாவில் எல்லாம் சட்டப்படி, ஒரு தாள் நிரப்பினால் போதும் என்கிறான். எனக்கு நித்திரை இல்லை. அங்கே உண்மையில் என்ன தாள் வேண்டும்?

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஒரு தாள் போதும் என்பது சரியில்லை. அதைவிட முக்கியம், நண்பரிடமிருந்து உங்கள் மகன் அதை இப்போது வாங்கவே முடியாது. 2022 ஒக்ரோபர் 21 முதல் கனடாவில் தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டிருக்கிறது. 2023 டிசம்பர் 15 அன்று ஒப்புதல் பெற்ற சட்டம் இதை நிரந்தரமாக்கியது. ஒலிம்பிக், பராலிம்பிக் வகைச் சுடும் போட்டிகளில் உயர்மட்டத்தில் பயிற்சி பெறுபவர்கள், வேலை காரணமாகத் துப்பாக்கி சுமக்க அனுமதி உள்ளவர்கள் என்று மிகச் சிலருக்குத்தான் விலக்கு. இலவசமாகக் கொடுப்பதும், வயதானவர் இறந்தபின் பிள்ளைக்கு விட்டுப்போவதும் இந்தத் தடைக்குள்தான் வரும்.

ஏற்கனவே வைத்திருப்பவர்களிடம் என்னென்ன கடதாசி இருக்க வேண்டும் என்று தெரிந்தால், ஒரு தாள் கதை எவ்வளவு தூரம் பொய் என்று உங்களுக்கே விளங்கும். முதலில் ஆளுக்கான உரிமம். சாதாரண நீளத் துப்பாக்கிக்கான உரிமம் இதற்குப் போதாது. கட்டுப்படுத்தப்பட்ட வகையையும் சேர்த்த உரிமம் வேண்டும். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், பொதுவான பாதுகாப்புப் பயிற்சியும் கட்டுப்படுத்தப்பட்ட வகைக்கான தனிப் பயிற்சியும் இரண்டுமே தேறியிருக்க வேண்டும். விண்ணப்பத்தில் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். மனைவியும், அண்மையில் பிரிந்து போன துணை இருந்தால் அவரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் அதிகாரிகளே அவர்களுக்கு அறிவிப்பார்கள். இது எனக்குப் பிடித்த விதி. வீட்டுக்குள் துப்பாக்கி வரப்போகிறது என்பதை முதலில் அறிய வேண்டியவர் அந்த வீட்டில் இருக்கும் பெண். புதிதாக உரிமம் கேட்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பும் உண்டு. உரிமம் ஐந்து வருடத்துக்கு.

அதன்பிறகு துப்பாக்கிக்கான பதிவுச் சான்றிதழ், ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனியாக. அதற்கும் மேலே கொண்டுசெல்லும் அனுமதி. மாகாணத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட சுடும் கழகத்துக்குக் கொண்டுபோக அது உரிமத்தோடேயே வரும். திருத்துபவரிடமோ எல்லைக்கோ கொண்டுபோவதென்றால் தனியாகக் கேட்க வேண்டும். போகும் வழியில் தோட்டா ஏற்றாமல், விசைப்பூட்டுப் போட்டு, பூட்டிய பெட்டிக்குள் வைத்து, சுற்றாமல் நேராகப் போக வேண்டும். வீடு மாறினால் 30 நாளுக்குள் புதிய முகவரியை அறிவிக்க வேண்டும். நம் பிள்ளைகள் வாடகை வீடு மாறுவது அடிக்கடி நடக்கும் என்பதால் இதை விட்டுவிடுவார்கள்.

மகனிடம் சொல்லுங்கள், நண்பரிடம் பணம் கொடுக்க வேண்டாம் என்று. கழகத்தில் சேர்ந்து, அங்கே கழகத்தின் துப்பாக்கியில் மேற்பார்வையோடு பயிற்சி எடுக்க முடியுமா என்று கேட்கட்டும். சந்தேகம் இருந்தால் அந்த மாகாணத்தின் தலைமைச் சுடுகலன் அதிகாரியின் அலுவலகத்தை நேரே கேட்கலாம், அதற்குக் காசில்லை. ஊருக்கு வரும்போது தோட்டா ஒன்றைக்கூட பயணப்பையில் மறந்து போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் மறந்துவிட்டேன் என்பது பதில் ஆகாது.

கேள்வி (துணுக்காய்): பக்கத்துக் காணிக்காரர் பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைக்கிறார். துவக்கு லைசன்ஸ் எடுக்கக் கனகாலம் ஆகும், இது மலிவு என்கிறார். நானும் வைக்கலாமா?

கூடாது. கம்பியில் எது தட்டினாலும் தானே வெடிக்கும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்குக்கு அனுமதி என்று ஒன்றே இல்லை. விறகுக்குப் போகிறவரையும், மாட்டையும், இரவில் தண்ணீர் பார்க்கப் போகும் உங்கள் சொந்தப் பிள்ளையையும் அது பன்றி என்றுதான் எடுத்துக்கொள்ளும். இரைக்குள் மறைத்து வைக்கும் பன்றி வெடியும் அப்படியே. யானைக்குட்டிகள் வாய் சிதைந்து பட்டினியில் சாவது அதனால்தான். அவர் எங்கே கட்டியிருக்கிறார் என்று தெரிந்தால் கிராம அலுவலரிடமோ பொலிஸிலோ சொல்லுங்கள். அயலவரைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். அந்த வழியால் நடப்பவர்கள் உங்கள் ஊர்ச் சனம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): காணி துப்புரவாக்கும்போது துருப்பிடித்த துவக்கு ஒன்றும் சில தோட்டாவும் வந்தன. துவக்கைத் துடைத்து எடுத்து, பிறகு லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கலாம் என்று மைத்துனர் சொல்கிறார்.

தொடவே வேண்டாம். நம் மண்ணில் வெளிவருவது பெரும்பாலும் போர்க்காலத் தானியங்கித் துப்பாக்கி. அதற்கு எந்த விவசாயிக்கும் எந்தக் காலத்திலும் அனுமதி கிடைக்காது. 1996ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தானியங்கித் துப்பாக்கி வைத்திருந்ததாக நிரூபிக்கப்பட்டால் தண்டனை ஆயுள் சிறை. துருப்பிடித்தது, வேலை செய்யாது என்பது நீதிமன்றத்தில் உங்கள் தலைவலியாகிவிடும். அதோடு, துவக்கு கிடந்த இடத்தில் மிதிவெடியோ எறிகணையோ கிடக்கலாம். வந்த தடத்திலேயே திரும்பி நடந்து வாருங்கள். தடியை நட்டு ஒரு துணியைக் கட்டி, பிள்ளைகளையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாமல், பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள் அல்லது கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். நீங்கள் அறிவித்த திகதியையும் நேரத்தையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வந்து எடுத்துப்போகும் வரை அந்தத் துண்டுக் காணியில் மண்வெட்டி போட வேண்டாம்.