சட்டம் கேளுங்கள்: நோயின் பெயர் யாருக்குத் தெரிய வேண்டும்?

இந்த இதழில் கல்லூரியில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்களின் கேள்விகள். பெயர்களை வெளியிடவில்லை.

எனக்கு மனநலப் பாதிப்புக்கான யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இருக்கிறது. உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு மாற்றுத் தேதி கேட்டேன். மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரி (சிகிச்சைச் சுருக்கம்) கொடுத்தால்தான் முடியும் என்றார் துறைத் தலைவர். கொடுத்தேன். இப்போது பெயரும் நோயும் போட்ட பட்டியல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. என்ன செய்வது?
— மாணவி, திருநெல்வேலி

முதலில் ஆதாரம். குழுவின் பெயர், அனுப்பியவரின் எண், தேதி, நேரம் நான்கும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பட்டியலை நீக்கச் சொல்வது அதற்குப் பிறகுதான். நீக்கிய பின் 'அப்படி ஒன்று வரவேயில்லை' என்பார்கள்.

அடுத்து கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம். மூன்று கோரிக்கை போதும்: பட்டியலை நீக்க வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் யார் யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் தெரிவித்து, துறைக் கோப்பிலிருந்து எடுத்துத் திருப்பித் தர வேண்டும், இனி என் மருத்துவ விவரம் குறிப்பிட்ட ஓர் அலுவலரிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

மாற்றுத் தேதிக்கு டிஸ்சார்ஜ் சம்மரி தேவையே இல்லை. அதில் மருந்து, குடும்ப வரலாறு என்று என்னென்னவோ இருக்கும். யுடிஐடி அட்டையில் குறைபாட்டின் வகையும் சதவீதமும் மட்டும்தான். மாற்றுத்திறனாளிச் சான்றிதழிலோ நோயறிதலும் இருக்கும். ஆகவே அட்டை நகல் போதுமான இடத்தில் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். கூடவே, 'இவருக்கு இன்ன ஏற்பாடு தேவை' என்று மட்டும் சொல்லும் மருத்துவர் கடிதம் ஒன்று வாங்குங்கள். இவை முதல்வர் அலுவலகத்தோடு நிற்கட்டும். துறைக்குப் போக வேண்டியது 'இந்த மாணவிக்கு மாற்றுத் தேதி தரவும்' என்ற ஒற்றை வரி உத்தரவு. பாடம் நடத்துபவருக்கு ஏற்பாடு என்ன என்று தெரிந்தால் போதும், நோய் என்ன என்று தெரிய வேண்டியதில்லை.

சட்ட அடிப்படை: அந்தரங்க உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் சொன்னது. இந்தியா 2007-இல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு, உடல்நலத் தகவலின் அந்தரங்கத்தை நேரடியாகவே காக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். அது சிகிச்சை தரும் நிபுணர்களைக் கட்டுப்படுத்துவது. கல்லூரியில் சிகிச்சை தரும் உளவியல் நிபுணர் வாய் திறந்திருந்தால் உதவும், துறைத் தலைவருக்கு எதிராக அதைக் காட்டினால் எடுபடாது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டத்தை மட்டுமே நம்பியும் இப்போதைக்கு இறங்க முடியாது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

எனக்கு டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம் தரும் குறைபாடு). குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழ். அதனால் ஸ்க்ரைப் (சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருபவர்) கிடையாது என்கிறது கல்லூரி.
— மாணவர், கோவை

கல்லூரி இரண்டு விஷயத்தைக் குழப்புகிறது. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 சதவீத இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 என்ற வரம்பு. எழுத முடியாத ஒருவருக்கு ஸ்க்ரைப் தர அந்த வரம்பைக் காட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2022 ஆகஸ்டில் மத்திய அரசு 40-க்குக் கீழ் உள்ளவர்களுக்கென்றே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. இழப்பீட்டு நேரம், அதாவது தேர்வில் கூடுதலாகத் தரும் நேரம், மணிக்குக் குறைந்தது 20 நிமிடம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம்.

பெரும்பாலோர் தவறுவது சான்றிதழில். யுடிஐடி மட்டும் காட்டினால் போதாது. 'எழுதுவதில் சிரமம் உண்டு, ஸ்க்ரைப் அவசியம்' என்று பல மருத்துவர் கொண்ட குழு இப்போது நடப்பில் உள்ள மத்திய நெறிமுறையின் படிவத்திலேயே கையெழுத்திட வேண்டும். குழு கூடும் நாளை அரசுத் தலைமை மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தைத் தேர்வுக் கட்டணம் கட்டும்போதே முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்புங்கள். ஹால் வாசலில் நின்று கேட்டால் அறைக் கண்காணிப்பாளரால் ஒன்றும் செய்ய முடியாது.

சக்கர நாற்காலியில் வருகிறேன். ஆய்வகம் இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லை. வாய்மொழியாகப் பலமுறை சொல்லிவிட்டேன். 'ஆள் வைத்துக்கொள், செலவு உன்னுடையது' என்கிறார்கள். தனியார் கல்லூரி. எங்கே புகார் செய்வது?
— மாணவி, சேலம்

வாய்மொழியாகச் சொன்னது எதுவும் கணக்கில் வராது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. மறுத்தார்கள் என்று காட்ட, கேட்டீர்கள் என்று முதலில் காட்ட வேண்டும். எனவே எழுத்தில் கேளுங்கள். 'வசதி செய்து தரவும்' என்று எழுதினால் 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வரும். 'இந்தப் பருவத்துக்கான செய்முறை வகுப்பைத் தரைத்தள அறைக்கு இன்ன தேதிக்குள் மாற்றவும்' என்று எழுதுங்கள். தபால் பிரிவில் முத்திரையும் வரவு எண்ணும் போட்ட நகல் வாங்குங்கள். தர மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்.

தனியார் கல்லூரி என்பது தடையில்லை. அரசு நிதி பெறுவது மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனமும் இந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுக்குள் வரும். செலவு விஷயத்தில் உங்கள் கை ஓங்கியே இருக்கிறது: ஏற்பாட்டுக்கான செலவை முழுதாகவோ பகுதியாகவோ மாற்றுத்திறனாளியிடம் வாங்கக் கூடாது என்கிறது இந்தச் சட்டத்துக்கான 2017 மத்திய விதிகளின் 3-ஆம் விதி. அதே விதிப்படி, பாகுபாட்டுப் புகார் பெற்ற நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். இல்லையென்றால் தன் செயல் எப்படி நியாயம் என்று எழுத்தில் விளக்க வேண்டும். அந்த விளக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆணையர் முன் அதுவே உங்களுக்குச் சாட்சியாகும்.

பதில் திருப்தியில்லையா? அடுத்த இடம், யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 விதிமுறைப்படி அமைந்த மாணவர் குறைதீர் குழு. மாற்றுத்திறனாளி மாணவர்களின் பாகுபாட்டுப் புகார் அதன் வரம்பில் உண்டு. 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருக்கு 30 நாள். பொய்ப் புகார் என்று தெரிந்தால் புகார்தாரர் மீதே நடவடிக்கைக்குப் பரிந்துரைக்க அவரால் முடியும், ஆகவே நிரூபிக்க முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

இதற்கு இணையான வழி ஆணையர். மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரி என்றால் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். உங்கள் விவரம், எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும், தேதிவாரியாக நடந்தது, ஆவண நகல்கள், வேண்டிய நிவாரணம் ஆகியவை புகாரில் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'முதல்வரைப் பணிநீக்கம் செய்யவும்' என்று கேட்பார்கள், ஆய்வகத்தை மாற்றக் கேட்க மறந்துவிடுவார்கள்.

ஆணையருக்கு ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரை. கல்லூரி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும், அல்லது ஏன் ஏற்கவில்லை என்று அவருக்கும் உங்களுக்கும் காரணம் சொல்ல வேண்டும். காரணம் உப்புச்சப்பில்லாமல் இருந்தால் உயர் நீதிமன்றம்தான்.

இன்னொன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் வரும் குறைதீர் அலுவலரிடம் போகச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். அது வேலைவாய்ப்பு தொடர்பான புகாருக்கு.

ஆணையரிடம் போனால் என் பெயர் வெளியே வருமா?
— மாணவர், மதுரை

வரலாம். உத்தரவுகள் இணையத்தில் ஏற்றப்படுவதுண்டு. புகாரின் முதல் பத்தியிலேயே பெயரையும் நோயறிதலையும் மறைத்து வெளியிடக் கோருங்கள். மருத்துவ ஆவணங்களைத் தனி உறையில் வையுங்கள்.

பேராசிரியர் வகுப்பில் எல்லோர் முன்னும் என் திக்குவாயை நடித்துக் காட்டிக் கேலி செய்தார். போலீஸில் போகலாமா?
— மாணவர், தஞ்சாவூர்

போகலாம். பொதுப் பார்வையில் வேண்டுமென்றே அவமதித்தால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 'வேண்டுமென்றே', 'பொதுப் பார்வையில்' இரண்டையும் நிரூபிக்க வேண்டும். கேட்ட மாணவர்கள் இரண்டு மூன்று பேர் அன்றைக்கே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் நல்லது. தேர்வு நெருங்க நெருங்கச் சாட்சிகள் குறைவார்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு யுடிஐடி நகலுடன் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.