இறுதிப் போட்டி டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். ஜனவரியில் ஊரிலிருந்து அப்பா வருகிறார். ஸ்னூக்கர் வீரர் ரோனி ஓ'சல்லிவன் என்றால் அவருக்கு உயிர். மேசையில் கோலால் பந்துகளைக் குழிக்குள் தள்ளும் அந்த ஆட்டத்தின் மாஸ்டர்ஸ் போட்டியைப் பார்க்கக் கூட்டிப்போக ஆசை. ஒருவர் "இறுதிப் போட்டி டிக்கெட் இருக்கிறது, ரோனி கட்டாயம் ஆடுவார்" என்று மூன்று மடங்கு விலை கேட்கிறார். வாங்கலாமா? இதன் வெற்றி தரவரிசையில் சேராதாமே, அப்படியென்றால் வெறும் காட்சிப் போட்டிதானா?

பதில்: வாங்காதீர்கள். ரோனி ஆடுவார் என்று எந்தத் தரகராலும் உறுதி தர முடியாது. உலகத் தரவரிசையில் முதல் 16 பேருக்குத்தான் இங்கே அழைப்பு. அந்த 16 பேர் யார் என்பதே டிசம்பரில் யார்க் நகரில் யுகே சாம்பியன்ஷிப் என்ற இன்னொரு ஸ்னூக்கர் போட்டி முடிந்த பிறகுதான் தெரியும். அழைப்பு வந்தவரும் ஆடாமல் போகலாம். 2020-இல் ரோனி ஆட மறுத்தார். அதனால் உள்ளே வந்த அலி கார்ட்டர் இறுதிப் போட்டிவரை போய், ஸ்டூவர்ட் பிங்கமிடம் 8-10 என்று தோற்றார். 2025-இல் நடப்புச் சாம்பியனாக இருந்தும், போட்டி தொடங்கும் தறுவாயில் ரோனி விலகினார். நீல் ராபர்ட்சன் அவர் இடத்தில் ஆடினார்.

ஆனால் டிக்கெட் விற்பனை இதற்கெல்லாம் பல மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது. யார் வருவார் என்று தெரியாமலே ரசிகன் பணம் கட்ட வேண்டும். இத்தனை வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அடுத்து, அந்த 'இறுதிப் போட்டி டிக்கெட்'. இதை நன்றாகக் கவனியுங்கள். ஒரு ஆட்டத்துக்குள் வரும் தனித்தனிச் சிற்றாட்டம்தான் ஃபிரேம். மற்றச் சுற்றுகளில் ஆறு ஃபிரேம் முதலில் எடுப்பவருக்கு வெற்றி. ஒரே அமர்வில் ஆட்டம் முடிந்துவிடும். மதியம் ஒரு ஆட்டம், மாலை ஒரு ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். இறுதிப் போட்டி மட்டும் வேறு. அதில் பத்து ஃபிரேம் எடுக்க வேண்டும், அதனால் ஒரே ஆட்டத்தை மதியம், மாலை என இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். மதியம் எட்டு ஃபிரேம்தான். எட்டையும் ஒருவரே அள்ளினாலும் 8-0. சாம்பியன் ஆக முடியாது. மதிய டிக்கெட்டை 'ஃபைனல்' என்று தலையில் கட்டினால், பாதி ஆட்டத்தோடு அப்பாவை எழுப்பிக் கூட்டிவர வேண்டியதுதான். கோப்பையைத் தூக்குவது மாலையில். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையனின் குடும்பமே இப்படி ஏமாந்திருக்கிறது. டிக்கெட்டில் தேதியை மட்டும் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள்.

தரவரிசை விஷயம் எளிது. இரண்டு ஆண்டுகளில் தரவரிசைப் போட்டிகளில் வெல்லும் பரிசுப் பணம்தான் தரவரிசைப் புள்ளி. மாஸ்டர்ஸ் எல்லோருக்கும் திறந்த போட்டி அல்ல, அதனால் அதன் பணம் கணக்கில் வராது. 2025-இல் கைரன் வில்சனை 10-7 என்று வென்ற ஷான் மர்ஃபிக்கு 3,50,000 பவுண்டு கிடைத்தது. தரவரிசையில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. அதற்காகக் காட்சிப் போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தொடரின் அரையிறுதியில் மர்ஃபி, ஸ்னூக்கரின் உச்சமாகக் கருதப்படும் 147 புள்ளியை ஒரே மூச்சில் அடித்தார். 1975 முதல் நடக்கும் இந்தக் கோப்பையை ரோனி எட்டு முறை வாங்கியிருக்கிறார். முதல் சுற்றிலேயே முதல் 16 பேர் ஒருவரோடு ஒருவர் மோதுவதால், சுலபமான ஆட்டம் என்று ஒன்று கிடையாது.

அதனால் முதல் சுற்று டிக்கெட் ஒன்றை அதிகாரபூர்வ விற்பனையிலேயே வாங்குங்கள். யாரோடு யார் என்ற பட்டியல் முன்கூட்டியே வெளிவருவது அந்தச் சுற்றுக்குத்தான். கால் இறுதியில் யார் ஆடுவார் என்று இப்போதே சொல்பவர் கதை விடுகிறார்.

போட்டி நடக்கும் அலெக்ஸாண்ட்ரா பேலஸ் மேட்டின்மேல் இருக்கிறது. வுட் கிரீன் ஸ்டேஷனில் இறங்கி டபிள்யூ3 பஸ் பிடியுங்கள். ஜனவரிக் காற்று அங்கே கடுமையாக அடிக்கும். அப்பாவுக்குக் கனமான கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.